உணவுக் கழிவு உயிர்வாயுத் தாங்கிக்குள் கரி இடலாமா? எந்தக் கரி, எவ்வளவு, எப்போது?

துணுக்காய் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாணவர் விடுதியொன்றின் சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்காக இலங்கை நாடே வரிசையில் நின்றதைப் பார்த்த பிறகுதான், மிஞ்சும் சோற்றையும் கறியையும் குழி தோண்டிப் புதைப்பதை நிறுத்தி, கழிவைக் காற்றுப் புகாமல் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுத் தாங்கியொன்றை அமைத்தோம். உள்ளே 2,000 லீற்றர் கரைசல் நிற்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்துக் கிலோ கழிவை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோம். சோறு, பருப்பு, மரக்கறித் தோல், இடையிடையே மீன் கழிவு என்பனதான் அதில் பெரும்பகுதி.

சாதாரண நாட்களில் சுவாலை நீலமாக நின்று எரிகிறது. ஆனால் ஊரில் பொங்கல், அன்னதானம் என்று வந்துவிட்டால் மூன்று நான்கு மடங்கு சோறு எங்களிடம் வந்து சேரும். அதையும் வீணாக்க மனமின்றி ஊற்றிவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களில் தாங்கியிலிருந்து புளித்த நாற்றம் கிளம்பும். வாயு நிறைய ஊறினாலும் அடுப்பில் பற்றாது. சோதனைத் தாளில் பார்த்தால், புளிப்புக் கூடக்கூடக் குறையும் பி.எச். பெறுமானம் 6க்குக் கீழே இறங்கியிருக்கும். இப்படிப்பட்ட தாங்கிக்குள் உயிர்க்கரி, அதாவது காற்றுப் பற்றாமல் சுட்ட கரி, இட்டால் நிலை சீராகும் என்று பல இடங்களில் வாசிக்கிறேன். வன்னியில் உமிக்கும் சிரட்டைக்கும் பனங்கொட்டை ஊமலுக்கும் குறைவில்லை. செய்து பார்த்தவர்களும் இதன் விஞ்ஞானம் அறிந்தவர்களும் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

கனகராயன் கரை எழுதியது:

தங்கச்சி, கரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாங்கிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருந்தைத் தேடுவதற்கு முன் நோயை அறிய வேண்டும். காற்றின்றிய சமிபாட்டில் ஒரு கூட்டம் பற்றீரியாக்கள் மாப்பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக் கொழுப்பமிலங்களாக்குகின்றன. இன்னொரு கூட்டம் அவற்றை அசற்றிக் அமிலமாகவும் ஐதரசனாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. கடைசியாக நிற்கும் மெதேனாக்கிகள் என்னும் நுண்ணுயிர்கள் அவற்றிலிருந்து எரியும் வாயுவான மெதேனை உண்டாக்குகின்றன. முதற்கூட்டம் மிக வேகமாகப் பெருகும், கடைசிக் கூட்டம் மெதுவாகவே பெருகும். அவித்த சோறு எளிதில் உடையும் பொருள் என்பதால், அளவுக்கு மிஞ்சி ஊற்றும்போது அமிலம் குவியும் வேகத்துக்கு மெதேனாக்கிகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அவற்றுக்கு உகந்த பி.எச். 6.8 முதல் 7.5 வரை, 6.5க்குக் கீழே அவை தளர்ந்துவிடும். மாட்டுக்கு ஒரேயடியாகச் சோற்றை வைத்தால் வயிறு புளித்து ஊதி விழுந்துவிடுமே, அதே காரணந்தான் இங்கும். அப்போது ஊறுகிற வாயுவிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. ஆகவேதான் அடுப்பில் பற்ற மறுக்கிறது.

இப்போது கணக்கு. உணவுக் கழிவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குதான் சமிக்கக்கூடிய சேதனத் திண்மம், மற்றதெல்லாம் பெரும்பாலும் நீர். உங்கள் பத்துக் கிலோவில் அது இரண்டு கிலோ. 2,000 லீற்றருக்குப் பகிர்ந்தால் கன மீற்றருக்கு ஒரு கிலோ. கலக்கியும் சூடாக்கியும் இல்லாத சிறு தாங்கிக்கு இது பாதுகாப்பான அளவு. அன்னதான நாளில் நாற்பது கிலோ ஊற்றினால் அது நான்கு கிலோவாகிவிடும். இந்தச் சுமையைக் கரி மட்டும் தாங்கும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் ஊற்றும் அளவைக் கட்டுப்படுத்துங்கள். அடுத்ததாக நாளாந்தம் ஒரு வாளி மாட்டுச் சாணத்தைக் கரைத்துச் சேருங்கள். உணவுக் கழிவை மட்டும் நீண்டகாலம் ஊற்றும் தாங்கிகளில் கோபாற்று, நிக்கல், செலெனியம் போன்ற, நுண்ணுயிர்களுக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் சுவட்டு மூலகங்கள் பற்றாமல் போவதை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். சாணம் அவற்றையும் தரும், புளிப்பைத் தாங்கும் காரத்தன்மையையும் தரும், புதிய மெதேனாக்கிகளையும் கொண்டுவரும். கரியில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

வவுனியா ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். எனினும் கரியின் பங்கை அவர் சற்றுச் சுருக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

உயிர்க்கரி என்பது உமி, சிரட்டை, விறகு போன்றவற்றை ஒட்சிசன் பற்றாத நிலையில் 400 முதல் 700 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கரியாக்கிப் பெறுவது. தாங்கிக்குள் அது செய்யக்கூடிய வேலைகள் பல. அதிலுள்ள பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புகள் அமிலத்தை ஓரளவு ஈடுசெய்யும். நுண்டுளைகள் நிறைந்த அதன் மேற்பரப்பில் மெதுவாகப் பெருகும் மெதேனாக்கிகள் ஒட்டி வாழும். கரைசலோடு சேர்ந்து வெளியே அடித்துச் செல்லப்படும் அளவு குறையும். ஐதரசன் சல்பைட்டில் ஒரு பகுதியையும் கரி பிடித்துவைக்கும்.

இவற்றைத் தவிர்ந்த இன்னொரு வேலைதான் அண்மைக்காலத்தில் விஞ்ஞானிகளைப் பெரிதும் ஈர்த்தது. இடையில் உண்டாகும் கொழுப்பமிலங்களான புரோப்பியோனிக் அமிலமும் பியூற்றிரிக் அமிலமும் உடைய வேண்டுமானால் கரைசலில் ஐதரசன் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். அமிலம் உடைக்கும் பற்றீரியா வெளிவிடும் ஐதரசனை மெதேனாக்கி உடனுக்குடன் உண்டால்தான் இது நடக்கும். எங்காவது தடைப்பட்டால் இரண்டு அமிலங்களும் தேங்கிவிடும். ஐதரசன் என்ற இடைத்தரகர் இல்லாமலே இலத்திரன்களை ஒரு நுண்ணுயிர் மற்றதற்கு நேரடியாகக் கொடுக்க முடியும் என்பது சியோபற்றர் என்னும் பற்றீரியாவையும் மெதேனோசேற்றா என்னும் மெதேனாக்கியையும் ஒன்றாக வளர்த்த ஆய்வில் 2014ஆம் ஆண்டு உறுதியானது. அதே ஆண்டில், மின்கடத்தும் தன்மையுள்ள உயிர்க்கரித் துணிக்கைகள் இந்தக் கைமாற்றத்துக்குப் பாலமாக நிற்கும் என்றும் காட்டினார்கள். உணவுக் கழிவுத் தாங்கியில் இந்த வழி திறந்தால், அமிலம் குவிந்த பிறகு தாங்கி பழைய நிலைக்குத் திரும்பும் காலம் குறையும். ஆய்வுகூடப் பரிசோதனைகளில் அடிக்கடி காணப்படும் பயனும் இதுவே: மெதேன் முன்கூட்டியே ஊறத் தொடங்குகிறது, அமிலம் விரைவாகத் தணிகிறது.

பரந்தன் ஆலைக்காரர் எழுதியது:

உமிக்கரி பற்றி ஒரு சொல். நெல் அவிக்கும் ஆலைகளின் அடுப்பிலிருந்து அள்ளுவதெல்லாம் கரியல்ல. கறுப்பாக, உமியின் உருவம் அழியாமல் நொறுங்குவது கரி. சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ இருப்பது எரிந்து தீர்ந்த சிலிக்கா. அதைத் தாங்கிக்குள் போட்டால் அடியில் மண்டியாகப் படிந்து இடத்தை அடைக்கும். அதன் தூசு நெஞ்சுக்கும் கேடு, ஆகவே தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டுதான் அள்ள வேண்டும். காலபோக நெல் ஆலைக்கு வரும் மாதங்களில் உமி மலையாகக் குவிகிறது. நெல்லின் எடையில் ஐந்திலொரு பங்கு உமி. வேண்டியவர்கள் உமியாகவே ஏற்றிச் சென்று தாங்களே கரியாக்குவது நல்லது. நடுவில் துளையிட்ட தகர ரின்னையும் அதன்மேல் புகைக்குழாயையும் நிறுத்தி, உள்ளே நெருப்பு மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்தால் உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டு வரும். மேற்புறம் முழுவதும் கறுத்தவுடன் பரப்பித் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

கனகராயன் கரை எழுதியது:

ஆலைக்காரத் தம்பி சொன்னது முக்கியமானது. அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். நன்றாகச் செய்த உமிக்கரியிலும் பாதிக்குக் கிட்ட சாம்பற் பொருளே, அதில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்கா அமிலத்தை ஈடுசெய்யாது. சிரட்டைக்கரியில் சாம்பல் சொற்பம். அதனால் அதன் காரத்தன்மையும் சொற்பம், ஆனால் அது கடினமானது, நுண்டுளைகள் செறிந்தது, தாங்கிக்குள் நொறுங்காமல் நெடுங்காலம் கிடக்கும். ஆகவே "சாம்பல் கூடிய கரி என்றால் புளிப்பு அடங்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஆசிரியை எழுதிய இலத்திரன் கைமாற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உணவுக் கழிவுப் பரிசோதனைகளிற் பெரும்பாலானவற்றில் அது நேரடியாக அளக்கப்படவில்லை. விளைவைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். காரத்தன்மையின் பங்கு எவ்வளவு, மேற்பரப்பின் பங்கு எவ்வளவு, மின்கடத்தலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். அந்தப் பரிசோதனைகளிற் பல சிறு போத்தல்களில், ஒரே தடவை கழிவிட்டுச் செய்தவை. துணுக்காய்த் தங்கச்சியின் தாங்கியில் நாளுக்கு இருபது லீற்றர் புகுந்து இருபது லீற்றர் வெளியேறுகிறது. அதாவது கரைசல் சராசரியாக நூறு நாட்கள் உள்ளே தங்குகிறது. இவ்வளவு நீண்ட தங்குகாலத்தில் மெதேனாக்கிகள் அடித்துச் செல்லப்படும் ஆபத்து ஏற்கெனவே குறைவு. இருபது நாட்களில் கரைசலை மாற்றும் பெரிய ஆலைகளில் கரி தரும் அதே பயனை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இட விரும்புகிறவருக்குக் கணக்கு இதோ. ஆய்வுகளில் பயன் தெரிந்த அளவு பெரும்பாலும் லீற்றருக்கு 5 முதல் 20 கிராம் வரை. அதற்கு மேல் போனால் பயன் குறைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. லீற்றருக்கு 5 கிராமில் தொடங்கினால் உங்கள் தாங்கிக்குப் பத்துக் கிலோ. வெளியேறும் இருபது லீற்றரோடு நாளொன்றுக்கு நூறு கிராம் போகும் என்று வைத்து அந்த நூறு கிராமை அன்றாடக் கழிவோடு சேர்த்து ஈடுசெய்ய வேண்டும். முதற் பத்துக் கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பகிர்ந்து இடுங்கள். உலர்ந்த கரி மிதந்து மேலே ஆடை கட்டி வாயு வெளிவரும் வழியை அடைத்துவிடும். ஆகவே மாவாக்காமல் அரிசி மணியளவுக்கு இடித்து, தாங்கியிலிருந்து வெளிவரும் கரைசலிலேயே சில நாட்கள் ஊறவைத்து, பின்பு இடுவதே முறை. ஊறும் போதே நுண்ணுயிர்கள் அதில் ஒட்டத் தொடங்கும். புகை மணக்கும், தொட்டால் பிசுபிசுக்கும் அரைகுறைக் கரியை இட வேண்டாம். அதிலுள்ள தார்ப் பொருட்கள் நுண்ணுயிர்களைக் கொல்லும்.

கச்சான் தோட்டம் எழுதியது:

முல்லைத்தீவுக் கரையோர மணலில் கச்சானும் மரக்கறியும் செய்கிறேன். உயிர்வாயுத் தாங்கியை வாயுவுக்காக மட்டும் பார்க்கிறீர்கள் என்பது என் வருத்தம். எனக்கு வாயு இரண்டாவது, வெளிவரும் கரைசல்தான் முதலாவது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது எங்கள் தோட்டங்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

எங்கள் மணலில் என்ன ஊற்றினாலும் ஒரு மழைக்குக் கீழே இறங்கிவிடும். கரைசலிலுள்ள அமோனியம் நைதரசனும் பொற்றாசியமும் அப்படித்தான். கரி அவற்றை ஓரளவு பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். புதுக் கரியை வெறுமனே மண்ணிலிட்டால் அது மண்ணிலுள்ள நைதரசனைத் தான் பிடித்துக்கொண்டு முதற் போகத்தில் பயிரை மஞ்சளாக்கக்கூடும். கரைசலில் ஊறி நிறைந்த கரிக்கு அந்தக் குற்றம் இல்லை. மண்ணுக்குப் போன கரியின் காபன் எருவைப் போல ஓரிரு வருடங்களில் உக்கி மறைவதில்லை, தலைமுறைகளைக் கடந்து கிடக்கும். அதனால் என் கருத்து: கரியைத் தாங்கிக்குள் போட்டு அடைப்பு, ஆடை என்று அவதிப்படுவானேன்? வெளிவரும் குழியில் கரியை நிரப்பி, கரைசல் அதற்குள் வடிந்து ஊறும்படி செய்து, ஊறியதை அள்ளி வயலுக்கு எடுத்தால் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்னி முழுவதும் ஒரே மண் அல்ல. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி மண் ஏற்கெனவே காரத்தன்மை கூடியது. நீரையும் ஊட்டத்தையும் தானே பிடித்துவைக்கும். அங்கே மூட்டை மூட்டையாகக் கரி இடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மணலுக்கும் மெலிந்த செம்மண்ணுக்குமே முதலிடம்.

துணுக்காய் வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மண் வேறுபாடு எங்களுக்கு மிகவும் பொருந்தும். விடுதித் தோட்டம் செம்மண் மேட்டில் இருக்கிறது, வயல்தான் களி. ஆகவே ஊறிய கரியைத் தோட்டத்துக்கு மட்டும் எடுக்கிறோம். இனி என் சந்தேகம் இரண்டு. கரி தாங்கிக்குள்ளா, வெளிக்குழியிலா? இட்ட பிறகு பயன் இருக்கிறதா என்பதைச் சுவாலையின் நிறத்தைத் தவிர வேறெதைக் கொண்டு அறிவது?

நெடுங்கேணி வனம் எழுதியது:

இடையில் ஒரு வேண்டுகோள். உயிர்க்கரிக்குக் கேள்வி கூடினால் விறகுக்கரி சுடுகிறவர்கள் காட்டுக்குள் போவார்கள். பாலையும் வீரையும் முதிரையும் வளர ஒரு ஆயுட்காலம் செல்லும். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் இந்தக் காடுகள் இழந்தது போதும். இந்த இழையை வாசித்துச் செய்யத் தொடங்கும் எவரும் உமி, சிரட்டை, ஊமல், கத்தரித்த கிளைகள் ஆகியவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். பச்சை மரத்தை வெட்டிச் செய்த கரியால் சோற்றுக் கழிவைக் காப்பாற்றுவது எந்தக் கணக்கிலும் இலாபமல்ல.

வவுனியா ஆசிரியை எழுதியது:

நெடுங்கேணியாரின் வேண்டுகோளை முழுமனதோடு வழிமொழிகிறேன்.

தங்கச்சியின் முதற் கேள்விக்கு என் விடை தாங்கியைப் பொறுத்தது. சாணத்தை முதன்மையாகக் கொண்டு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஊட்டப்படும் தாங்கி தானாகவே நிலையாக இருக்கும். அங்கே கச்சான் தோட்டத்து அண்ணா சொல்வதுபோல் வெளிக்குழியே கரிக்கு ஏற்ற இடம். உணவுக் கழிவையே நம்பி, ஏற்ற இறக்கத்தோடு ஊட்டப்படும் உங்கள் தாங்கிக்கு உள்ளே இடுவதில் பொருளுண்டு. உள்ளே இட்டதும் கடைசியில் கரைசலோடு வெளியே வந்து அதே தோட்டத்துக்குத்தான் போகிறது. ஆகவே தோட்டத்துக்கு இழப்பில்லை. ஆனால் அது அன்னதானத்துக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். நுண்ணுயிர்கள் கரியில் குடியேற வாரக்கணக்கில் காலம் தேவை. புளித்த பிறகு கொட்டும் கரியால் அந்தக் கிழமைக்கு ஆகப்போவது சொற்பமே.

மீன் கழிவு பற்றி ஒரு எச்சரிக்கை. புரதம் உடைந்தால் அமோனியா வரும். கரைசல் 35 பாகையில் இருக்கும்போது பி.எச். 7 என்றால் அந்த அமோனியாவில் நூற்றிலொரு பங்கே நச்சான கட்டற்ற வடிவில் இருக்கும்; பி.எச். 8 என்றால் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. எனவே புளிப்புக்குப் பயந்து சாம்பலையும் சுண்ணாம்பையும் அள்ளிப் போட்டால் மறுபக்கத்தில் விழுந்துவிடுவோம்.

அளப்பதற்குப் பாடசாலை ஆய்வுகூடமே போதும். ஊசியில்லாத 60 மில்லிலீற்றர் சிறிஞ்சு ஒன்றில் 20 மில்லிலீற்றர் எரிசோடாக் கரைசலை உறிஞ்சி, அதன்மேல் 40 மில்லிலீற்றர் வாயுவை இழுத்து, முனையை மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். காபனீரொட்சைட்டைக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். வாயுவின் கனவளவு 40இலிருந்து 24க்குச் சுருங்கினால் அதில் நாற்பது வீதம் காபனீரொட்சைட்டு, எஞ்சிய அறுபது வீதத்தில் பெரும்பகுதி மெதேன். நன்றாக இயங்கும் தாங்கியில் மெதேன் ஐம்பது முதல் அறுபத்தைந்து வீதம் வரை இருக்கும். எரிசோடா தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும்.

கரியின் பயனைத் தனியே அறிய வேண்டுமானால் இரண்டு இருபது லீற்றர் கொள்கலன்களை ஒரே கரைசலால் நிரப்பி, ஒன்றில் மட்டும் கரியிட்டு, இரண்டுக்கும் ஒரே கழிவை ஊட்டிப் பாருங்கள். ஒரு மாதம் சாதாரணமாக ஊட்டிய பிறகு, வேண்டுமென்றே மும்மடங்கு சோற்றை இரண்டுக்கும் கொடுத்து, எது முதலில் பழைய பி.எச். பெறுமானத்துக்குத் திரும்புகிறது என்று பதியுங்கள். கூடுதல் வாயு வருகிறதா என்பதைவிட இந்தக் கேள்விதான் உங்கள் விடுதிக்கு முக்கியம். உயர்தர மாணவர்களுக்கு நல்லதொரு செயற்றிட்டமாகவும் அமையும்.

கனகராயன் கரை எழுதியது:

இந்த ஒப்பீட்டை மனமார வரவேற்கிறேன். திரும்பும் காலம் குறைந்தால் என் ஐயத்தை நான் மாற்றிக்கொள்வேன். முடிவு எதுவானாலும் இங்கே பதிவிடுங்கள்.

வாயுவின் பெறுமதியையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இரண்டு கிலோ சேதனத் திண்மம் முழுத் திறனோடு சமித்தால் ஏறத்தாழ 0.8 கன மீற்றர் மெதேன் வரும், அது 0.6 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். சிறு தாங்கியில் அதில் பாதி கிடைத்தாலும் இரண்டு மாதங்களுக்குள் 12.5 கிலோச் சிலிண்டர் ஒன்று மிச்சம். தாங்கி புளித்துக் கிடக்கும் ஒவ்வொரு கிழமையும் இதிலிருந்துதான் கழிகிறது. நிலையாக வைத்திருப்பதன் இலாபம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கரியை இன்றே ஊறப்போட்டு இந்த மாதத்துக்குள் இட்டு முடியுங்கள். அன்னதானச் சோறு வந்தால் அன்றைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். மிகுதியை மூடியுள்ள பரலில் வைத்து அடுத்த நாட்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். பரலில் அது புளிப்பது பாதகமில்லை, சிறிது சிறிதாக உள்ளே போனால் தாங்கி சமாளிக்கும். நாளாந்தம் பி.எச். பாருங்கள். 6.8க்குக் கீழே இறங்கினால் கழிவை நிறுத்திச் சாணக் கரைசலை மட்டும் ஊற்றுங்கள். 6.5க்கும் கீழே போனால் அப்பச்சோடாவை நாளுக்கு அரைக் கிலோவாகக் கரைத்து ஊற்றலாம், ஆனால் மொத்தம் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். கறியுப்போடு சேர்ந்து சோடியம் கூடிவிடும். நீற்றுச் சுண்ணாம்பை மூடிய தாங்கிக்குள் கொட்டாதீர்கள். அது காபனீரொட்சைட்டை உறிஞ்சி உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கி வெளிக்காற்றை இழுக்கும், மெதேனோடு காற்றுக் கலந்தால் வெடிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் தாங்கிக்குள் தலையை நுழைத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

துணுக்காய் வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நன்றி ஆசிரியை அக்கா. பரந்தனிலிருந்து உமியும், ஊரிலேயே சேர்த்த சிரட்டையும் வருகின்றன. சிரட்டைக்கரியைத் தாங்கிக்குள்ளும் உமிக்கரியை வெளிக்குழியிலும் இடுவதாக முடிவு செய்திருக்கிறோம். கொள்கலன் ஒப்பீட்டை அருகிலுள்ள பாடசாலையின் இரசாயன ஆசிரியர் பொறுப்பேற்றுள்ளார். பி.எச். பெறுமானங்களையும் சிறிஞ்சு அளவீடுகளையும் கிழமைதோறும் இதே இழையில் பதிவிடுகிறேன்.